ஆய்விதழில் பல்லேடியம், ஆலையில் குரோமியமும் செம்பும்: ஏன் இந்த இடைவெளி?

#1 செம்புக்கம்பி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் செமினார். பேராசிரியர் கொடுத்த தலைப்பு: ஃபுளோரின் சேர்மங்கள் தயாரிப்பிலும் கார்பன் டை ஆக்சைடை மாற்றுவதிலும் உலோக வினையூக்கிகள். இரண்டையும் ஏன் ஒரே தலைப்பில் கட்டினார் என்று எனக்கு முதலில் புரியவில்லை.

மூன்று வாரமாகப் படிக்கிறேன். ஆய்விதழ்களைத் திறந்தால் பல்லேடியம், ருத்தேனியம், அவற்றோடு ஒட்டும் பாஸ்பரஸ் சேர்மங்களான, பெயர் வாயில் நுழையாத பாஸ்பீன்கள். தொழிற்சாலைகளைப் பற்றிப் படித்தால் குரோமியம் ஆக்சைடு, ஆன்டிமனி குளோரைடு, செம்பு-துத்தநாகம். மெத்தனாலுக்கான செம்பு-துத்தநாக-அலுமினா வினையூக்கி 1966-இல் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் ஐசிஐ என்ற வேதி நிறுவனம் ஓட்டியது. இன்றும் அடிப்படையில் அதுதான் என்கிறார்கள். அறுபது வருடமாக இத்தனை ஆராய்ச்சி நடந்தும் ஆலை ஏன் மாறவில்லை? வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 குரோமியப்பச்சை

தம்பி, நான் குஜராத்தில் ஒரு ஃபுளோரோகெமிக்கல் ஆலையில் பத்து வருடத்துக்கு மேல் புராசஸ் பக்கம் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த பாதியைச் சொல்கிறேன். கார்பன் டை ஆக்சைடு பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

கார் ஏசியில் பல வருடம் ஓடிய ஆர்-134ஏ எப்படி வருகிறது என்று பாருங்கள். ட்ரைகுளோரோஎத்திலீனும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் ஆவியாகக் குரோமியம் ஆக்சைடு துகள்கள் நிரப்பிய படுக்கை வழியே போகின்றன. முதல் படியில் மூன்று ஃபுளோரின் ஏறிவிடும், அது சுலபம். மீதமிருக்கும் ஒற்றைக் குளோரினை எடுத்துவிட்டு நாலாவது ஃபுளோரினை உட்கார வைப்பதுதான் கஷ்டம். 350 டிகிரி வாக்கில் வைத்தாலும் சமநிலை கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்றில் கொஞ்சம்தான் மாறும். மாறாததைப் பிரித்துத் திரும்ப உள்ளே விட வேண்டும். வினையூக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சமநிலையை அதனால் ஒரு அங்குலம் நகர்த்த முடியாது. சீக்கிரம் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான்.

அந்த உலைக்குள் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். 350 டிகிரியில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆவி. கண்ணாடியைத் தின்னும், சிலிகாவைத் தின்னும். அலுமினாவைப் போட்டால் அது அலுமினியம் ஃபுளோரைடாகிவிடும். உலையையே நிக்கல் கலப்புலோகத்தில் செய்கிறோம். பல்லேடியத்தைச் சுற்றி நீங்கள் கட்டும் அந்தப் பாஸ்பீன் அங்கே ஒரு நிமிடம் தாங்காது. குரோமியம் ஆக்சைடு தாங்கும். வெறுமனே தாங்குவதும் இல்லை, ஃபுளோரின் பட்ட பிறகுதான் அது வினையூக்கியாகவே ஆகிறது.

புதிய கேட்டலிஸ்டை ஏற்றியதும் நேராக வேலைக்கு விட மாட்டோம். நைட்ரஜனில் கொஞ்சமாக ஹைட்ரஜன் ஃபுளோரைடைக் கலந்து மெதுவாக விடுவோம். பரப்பிலிருக்கும் ஆக்சிஜனில் ஒரு பகுதி நீராக வெளியே போகும், அந்த இடத்தில் ஃபுளோரின் உட்காரும். அப்போது சூடு கிளம்பும். படுக்கையின் நீளத்துக்கும் தெர்மோகப்பிள்கள் இருக்கும். திரையில் முதலில் மேல் புள்ளி ஏறும், அது இறங்கும்போது அடுத்தது ஏறும், அப்புறம் அதற்கும் கீழே. ஒரு சூட்டு அலை படுக்கைக்குள் இறங்கிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். அது அடிவரை போய்ச் சேரும் வரை யாரும் நாற்காலியை விட்டு எழ மாட்டோம். அவசரப்பட்டால் துகள்கள் சூட்டில் உருக்குலைந்து பரப்பளவு போய்விடும். அதற்கப்புறம் அந்த லோடு முழுக்க நஷ்டம்தான்.

ஓட ஓடப் பரப்பில் கரி படியும். காற்று விட்டு எரிப்போம். அதிலும் அளவு மீறினால் குரோமியம் ஆறாம் நிலைக்கு ஏறி, ஆவியாகிற, நச்சான சேர்மமாகக் கிளம்பிவிடும். ஆய்விதழில் மகசூல் எத்தனை சதவீதம் என்று போடுகிறார்கள். நாங்கள் முதலில் கேட்பது, எத்தனை மாதம் ஓடும், எத்தனை தடவை எரித்து மீட்கலாம் என்பதைத்தான்.

#3 இளம்பிறை

ஃபுளோரின் சேர்ப்பில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது வெளிநாட்டில் ஆய்வு செய்கிறேன். அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பல்லேடியத்துக்காக நான் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆர்-134ஏ சின்ன மூலக்கூறு, 350 டிகிரியைத் தாங்கும். நான்கு வளையமும் ஒரு எஸ்டரும் உள்ள மருந்து மூலக்கூறை அந்த உலையில் விட்டால் கரிதான் மிஞ்சும். அங்கே மெதுவாக, ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஃபுளோரினை வைக்க வேண்டும். 2009-இல் அமெரிக்க வேதியியலாளர் புக்வால்டின் குழு சயின்ஸ் இதழில் காட்டியது அதைத்தான். அரோமாட்டிக் வளையத்தில், எளிதில் கழன்றுவிடும் ட்ரிஃபுளேட் தொகுதி இருக்கும் இடத்தில், சீசியம் ஃபுளோரைடிலிருந்து ஃபுளோரினை எடுத்துப் பல்லேடியம் உட்கார வைக்கும்.

இதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். பல்லேடியம் ஃபுளோரினைப் பிடித்துக்கொள்ளும். கார்பனையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கைவிட மறுக்கும். அந்தக் கடைசிப் படிக்காகத்தான் பருத்த பாஸ்பீன்கள். பக்கத்தில் இடமே இல்லாமல் நெருக்கி, விட வைக்கின்றன. எனக்கு இன்றும் மிக அழகாகத் தோன்றும் வேதியியல் இது.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். சில மூலக்கூறுகளில் ஃபுளோரின் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஃபுளோரினுக்குப் பதிலாக ஹைட்ரஜன் ஏறிய துணைப்பொருள் வந்தால் பிரித்தெடுப்பது பெரிய வேதனை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஒரு முழு வாரம் குரோமடோகிராபி குழாயில் (column) ஓட்டி ஓட்டிப் பிரிக்க முடியாமல், சோதனைக்குழாய்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் மருந்து என்றால் உலோக மிச்சத்துக்கும் வரம்பு உண்டு. வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அதைக் கழுவி எடுப்பதும் செலவுதான்.

#4 செம்புக்கம்பி

அக்கா, அப்படியானால் நம் வீட்டு மாத்திரைகளில் இருக்கும் ஃபுளோரின் எல்லாம் இப்படிப் பல்லேடியத்தில் ஏற்றியதா? என் அப்பா சர்க்கரைக்குச் சிடாகிளிப்டின் சாப்பிடுகிறார். அதில் ஆறு ஃபுளோரின் இருக்கிறது.

#5 இளம்பிறை

பெரும்பாலும் இல்லை. இதை உன் செமினாரில் அவசியம் சொல்.

நார்ஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளின் தொடக்கப்பொருள் 3-குளோரோ-4-ஃபுளோரோ அனிலின். டைகுளோரோ நைட்ரோபென்சீனைப் பொட்டாசியம் ஃபுளோரைடோடு சூடாக்கினால் நைட்ரோவுக்கு எதிரே இருக்கும் குளோரின் இறங்கி ஃபுளோரின் ஏறும். உலோக வினையூக்கியே தேவையில்லை. வளையத்தில் ஃபுளோரின் ஏற்றும் 1927-இன் பால்ஸ்-ஷீமான் முறையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆக, ஃபுளோரின் ஆரம்பத்திலேயே, மலிவான சின்னத் துண்டில் ஏறிவிடுகிறது. மருந்து அந்தத் துண்டுகளிலிருந்து கட்டப்படுகிறது.

சிடாகிளிப்டினிலும் அப்படித்தான். அதன் ஃபுளோரின்கள் எல்லாம் தொடக்கத் துண்டுகளிலேயே இருக்கின்றன. உலோகம் வந்த இடம் வேறு. கைராலிட்டியை, அதாவது மூலக்கூறின் இடக்கை-வலக்கை அமைப்பைச் சரியாக அமைக்க முதலில் ரோடியம் வினையூக்கியை வைத்து ஹைட்ரஜன் ஏற்றினார்கள். 2010 வாக்கில் ஒரு நொதி வந்து ரோடியத்தை வெளியேற்றிவிட்டது.

உலோகம் பெரிதும் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. பெட் ஸ்கேன். அதற்கு வேண்டிய கதிரியக்க ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம்தான். துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. கடைசிப் படியில், தயாராக இருக்கும் மூலக்கூறில், சில நிமிடங்களில் ஏற்ற வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கு மூளையைப் படமெடுக்கும் ஃபுளோரோடோபாவை இப்போது போரான் சேர்மத்திலிருந்து செம்பின் உதவியோடு தயாரிக்கிறார்கள். செம்பு அங்கே விலை மலிவு என்பதற்காக வரவில்லை. அந்த வேலையை அது செய்கிறது.

#6 குரோமியப்பச்சை

ஒரு திருத்தம், நான் விட்டது. பல்லேடியம் ஆலைக்குள்ளே வருவதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்-134ஏ-வின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு. 2016 கிகாலி உடன்பாட்டுக்குப் பிறகு அதைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்குப் பதிலாக வந்த 1234ஒய்எஃப்-ஐத் தயாரிக்கும் ஒரு வழியில் ஹெக்ஸாஃபுளோரோபுரோப்பீனில் ஹைட்ரஜன் ஏற்ற பல்லேடியம்தான் வேலை செய்கிறது. ஆனால் கரி அல்லது அலுமினா மேல் தூவிய பல்லேடியம், பாஸ்பீன் இல்லை. ஃபுளோரினை ஏற்றும் வேலையும் அதற்கு இல்லை.

#7 உப்புக்காற்று

நான் ஓய்வு பெற்ற ஆளு. கடலோர உர ஆலை ஒன்றில் 31 வருடம். எங்கள் ஆலையில் மெத்தனால் கிடையாது, அம்மோனியாதான். ஆனால் செம்பு-துத்தநாகத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம். எல்டிஎஸ் என்று சொல்வோம். கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சேர்த்து ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஆக்குகிற உலை. மெத்தனால் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கார்பன் டை ஆக்சைடு மோனாக்சைடாகப் போய்விடுகிறதே என்று குறைப்படுகிறார்கள் அல்லவா, அதே வினையைத் தலைகீழாக நாங்கள் ராத்திரி பகலாக ஓட்டிக்கொண்டிருந்தோம்.

வரும்போது கேட்டலிஸ்ட் கருப்பு மாத்திரை மாதிரி இருக்கும், உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்தால் விரல் கருப்பாகும். அது செம்பு ஆக்சைடு. ஹைட்ரஜன் கொடுத்துச் செம்பாக்க வேண்டும். நைட்ரஜனில் ஒரு சதவீதம் அளவுக்கு ஹைட்ரஜன், அதற்கு மேல் கை வைக்கக்கூடாது. சூடு மேலே போய்விட்டால் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். பெரிதான செம்பு திரும்பச் சிறிதாகாது. ஒரு தடவை ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு இளைஞர் வால்வைக் கால் சுற்று அதிகம் திறந்துவிட்டார். படுக்கையில் ஒரு இடம் மட்டும் சரசரவென்று ஏறியது. உடனே ஹைட்ரஜனை மூடி நைட்ரஜனை மட்டும் விட்டோம். தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்த லோடு வழக்கமான ஆயுளைத் தொடவே இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது குளோரின். எங்கள் ஆலை கடலுக்குப் பக்கம். ஒரு முறை படுக்கையின் மேலடுக்கு மட்டும் மாதா மாதம் செத்துக்கொண்டே வந்தது. கந்தகம் என்று நினைத்துத் தேடினோம், இல்லை. செத்த கேட்டலிஸ்டை எடுத்துச் சோதித்தால் குளோரைடு. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகக் கடல் உப்பு வந்திருக்கிறது! செம்புக்குக் குளோரின் பரம விரோதி. துளி இருந்தாலும் செம்புத் துகள்களை நகர வைத்து ஒட்ட வைக்கும். அதற்கப்புறம் வடிகட்டியை மாற்றினோம், உலைக்கு முன்னால் ஒரு காவல் படுக்கை போட்டோம்.

குரோமியப்பச்சை சார் சொன்னதைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய குரோமியத்துக்கு ஃபுளோரின் உயிர் கொடுக்கிறது. என் செம்புக்கு ஃபுளோரினின் தம்பி குளோரின் எமன்.

#8 செம்புக்கம்பி

ஐயா, ரொம்ப நன்றி. இது எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. செத்த கேட்டலிஸ்டை வெளியே எடுக்கும்போது தீப்பிடிக்குமா?

#9 உப்புக்காற்று

பிடிக்கும். செம்பாகிப்போனது காற்றைக் கண்டால் சிவந்து கனலும். அதனால் நைட்ரஜனில் துளித்துளியாகக் காற்றுக் கொடுத்து அடக்கிவிட்டுத்தான் இறக்குவோம். உள்ளே இறங்குகிற ஆளுக்கு நைட்ரஜன்தான் பெரிய ஆபத்து. அது வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

#10 யூனிட்கணக்கு

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நான். கார்பன் டை ஆக்சைடு பக்கம் யாரும் கணக்குப் போடவில்லை, நான் போடுகிறேன்.

ஒரு கார்பன் டை ஆக்சைடு, மூன்று ஹைட்ரஜன், கிடைப்பது ஒரு மெத்தனால், ஒரு நீர். எடை போட்டால் 1 டன் மெத்தனாலுக்கு 1.375 டன் கார்பன் டை ஆக்சைடும் 187.5 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். ஐஸ்லாந்தில் ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்துக்குப் பக்கத்தில் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலா பெயரில் ஓர் ஆலை கட்டினார்கள். ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால், 5,500 டன் கார்பன் டை ஆக்சைடு. வகுத்துப் பாருங்கள், அதே 1.375.

இப்போது ஹைட்ரஜன். நீரை மின்னால் பிரித்தால் கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் மின்சாரம் போகும். ஆக 1 டன் மெத்தனாலுக்கு ஹைட்ரஜனுக்கு மட்டுமே சுமார் 10,000 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தால் 50,000 ரூபாய். அந்த 1 டன்னை எரித்தால் திரும்பக் கிடைக்கும் வெப்பம் சுமார் 5,500 யூனிட்தான். வினையூக்கி இலவசமாகக் கிடைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஐஸ்லாந்தில் பூமிக்குள்ளிருந்து மின்சாரமும் வருகிறது, அதே ஆவியோடு கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது.

அதனால் என் கேள்வி: பழைய செம்பு-துத்தநாகம் போதுமே? புதிய வினையூக்கி தேடுவதற்குப் பதில் மலிவு ஹைட்ரஜனைத் தேடலாமே?

#11 இளம்பிறை

கணக்குச் சரி சார், முடிவில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன்.

வழக்கமான மெத்தனால் ஆலையில் மோனாக்சைடும் டை ஆக்சைடும் கலந்து உள்ளே போகும். அங்கே மெத்தனாலின் கார்பன் மோனாக்சைடிலிருந்து வருகிறது என்றுதான் பலகாலம் நம்பினார்கள். 1980-களில் ஐசிஐ ஆய்வாளர்கள் கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்துப் பார்த்தபோது, அது பெரும்பாலும் டை ஆக்சைடிலிருந்தே வருவது தெரிந்தது. ஆக அந்தப் பழைய செம்பு அப்போதிருந்தே இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் சொல்வதற்கு அது பலம் சேர்க்கிறது.

ஆனால் கலவை வாயுவில் மோனாக்சைடு இருந்தால் உண்டாகும் நீரை அது பிடித்துக்கொள்ளும். வெறும் டை ஆக்சைடை மட்டும் விட்டால் மெத்தனாலுக்கு ஒன்றாக நீர் சேர்ந்துகொண்டே போகும். அந்த நீரில் செம்பும் துத்தநாகமும் சீக்கிரம் கிழடாகின்றன. இண்டியம் ஆக்சைடை சிர்கோனியா மேல் வைத்து 2016-இல் சூரிச்சில் காட்டியது இந்தக் குறைக்குத்தான் பதில். ஆயுள் இரண்டு மடங்கானால் ஆலைக்காரர் வாங்குவார். மகசூல் இரண்டு சதவீதம் கூடினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சீனாவின் ஆன்யாங்கில் 2022-இல் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 1,10,000 டன் மெத்தனாலுக்கானது. அங்கே ஹைட்ரஜன், நிலக்கரியைக் கோக் ஆக்கும் அடுப்பின் வாயுவிலிருந்து வருகிறது, மின்பகுப்பிலிருந்து இல்லை. உங்கள் 10,000 யூனிட்டை அவர்கள் அப்படித்தான் தாண்டினார்கள்.

#12 யூனிட்கணக்கு

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. நீரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. தூத்துக்குடி சோடா ஆலையில் 2016 முதல் கொதிகலன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறார்களே, ஆண்டுக்கு 60,000 டன் அளவுக்கான அமைப்பு, அதில் என்ன வினையூக்கி?

#13 உப்புக்காற்று

அதில் உலோக வினையூக்கி எதுவும் இல்லை சார். கரைசலில் பிடித்து, சூடாக்கி விடுவித்து, சோடா உப்பாக்குகிறார்கள். ஹைட்ரஜனும் வேண்டாம். அதனால்தான் கட்டுப்படியாகிறது. ஆனால் அந்த சோடா கண்ணாடி உலைக்குப் போனால் வாயு திரும்ப வெளியே வந்துவிடும், அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

#14 இளம்பிறை

தம்பி, உன் பேராசிரியர் ஏன் இரண்டையும் ஒரே தலைப்பில் கட்டினார் என்று முதலில் கேட்டாயே, எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஓலா 1994-இல் நோபல் பெற்றது கார்போ நேரயனிகளுக்காக, அதாவது கார்பனில் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகளுக்காக. அவற்றை அசையாமல் நிறுத்திவைத்துப் பார்க்க அவருக்கு உதவியவை ஆன்டிமனி பென்டாஃபுளோரைடு போன்ற ஃபுளோரின் அமிலங்கள். அதே மனிதர்தான் கார்பன் டை ஆக்சைடிலிருந்து மெத்தனால் என்று கடைசி வரை வாதாடினார். அவரோடு லாஸ் ஏஞ்சல்ஸில் நெடுநாள் வேலை செய்தவர் ஜி.கே. சூர்ய பிரகாஷ். பெங்களூரில் பிறந்து சென்னை ஐஐடியில் எம்.எஸ்சி. படித்தவர். மூன்று ஃபுளோரின் கொண்ட ஒரு கார்பனை மூலக்கூறுக்குள் கொண்டுசேர்க்க இன்று எல்லா ஆய்வகங்களிலும் புழங்கும் சிலிக்கன் சேர்மத்தில் அவர் பெயர் இருக்கிறது. 2016-இல் அதே குழு, காற்றிலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடை ருத்தேனியம் வினையூக்கியால் மெத்தனாலாக்கியது. மகசூல் 79 சதவீதம்.

இன்னொரு முடிச்சு ஃபுளோரோஃபார்ம், ஆர்-23. ஆர்-22 என்ற குளிர்பதன வாயுவைத் தயாரிக்கும்போது வேண்டாமலே சேர்ந்து வரும் வாயு. வெப்பமாக்கும் திறன் 14,800 மடங்கு. 2011-இல் வேதியியலாளர் குருஷின் குழு அதைச் செம்போடு நேரடியாகச் சேர்த்துக் காட்டியது, அந்தச் செம்பு மருந்துத் துண்டுகளில் மூன்று ஃபுளோரின் கார்பனை வைக்கும். பிரகாஷ் குழு 2012-இல் வேறு வழியில் அதைப் பயனுக்குக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் கார்பன் டை ஆக்சைடு, இன்னொரு பக்கம் ஃபுளோரோஃபார்ம். இரண்டும் குப்பை வாயு, இரண்டும் அசைய மறுப்பவை.

#15 குரோமியப்பச்சை

அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தச் செம்பு வினையூக்கி இல்லை. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு செம்பு செலவாகிறது. செமினாரில் வினையூக்கி என்று சொன்னால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். ஆர்-23-ஐ 2016 முதல் நம் நாட்டில் ஆலைகள் தம் செலவிலேயே எரித்தாக வேண்டும். எரிப்பதற்குப் பதில் விற்க முடிந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் எரிப்பது டன் கணக்கில், மருந்துக்குத் தேவைப்படுவது அதில் ஒரு துளி.

#16 இளம்பிறை

சரியான திருத்தம். வினையூக்கி அளவுச் செம்பில் செய்யும் வழிகளைத் தேடுகிறார்கள், நானும் அதில்தான் இருக்கிறேன்.

#17 செம்புக்கம்பி

எல்லோருக்கும் நன்றி. செமினாரை முழுக்க மாற்றி எழுதுகிறேன். ஒவ்வொரு வினையூக்கிக்கும் மூன்று கேள்வி வைக்கப் போகிறேன்: ஃபுளோரின் அல்லது ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது, எது அதைக் கொல்லும், எவ்வளவு நாள் ஓடும்.

ஓலாவைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. செமினாருக்குப் பிறகு எனக்குக் கொடுத்திருக்கும் புராஜெக்டில் ஓலா வினைப்பொருள், அதாவது ஹைட்ரஜன் ஃபுளோரைடு-பிரிடின், பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் குடுவையில் வருமாம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

#18 குரோமியப்பச்சை

தம்பி, இதை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படிக்கவும்.

அது தோலில் பட்டால் உடனே எரியாமல் இருக்கலாம். வலி சில நேரம் மணிக்கணக்கில் கழித்தும் வரும். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துவிடும். பெரிய அளவில் பட்டால் இதயமே நிற்கும். பட்டதும் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன பட்டது என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலையில் அந்த ஜெல் இல்லாமல் யாரும் கேட் தாண்ட முடியாது.

உங்கள் ஆய்வகத்தில் அது இருக்கிறதா? இருந்தால் காலாவதித் தேதி என்ன? இன்றே போய்ப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். தனியாக அந்தக் குடுவையைத் திறக்காதீர்கள்.

#19 செம்புக்கம்பி

பார்த்தேன் அண்ணா. முதலுதவிப் பெட்டியின் அடியில் ஒரு ட்யூப் இருந்தது. காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. வழிகாட்டியிடம் காட்டினேன். புதிய ட்யூப் நான்கு வாங்க எழுதிக் கொடுத்துவிட்டார். அது வந்து சேரும் வரை குடுவை அலமாரியில் பூட்டியே இருக்கும்.